போலீஸும் தாழ்ந்து வந்த பந்தும்

கல்லூரி வாலிபால் அணியில் அவளுக்குப் பெயர் போலீஸ். யாரையும் அடிக்க மாட்டாள், அதட்டக்கூட மாட்டாள். ஆனால் நம்பவும் மாட்டாள். விடுதி அறையில் சோப்பு சீக்கிரம் கரைந்தால் யார் முகம் புதிதாகப் பளபளக்கிறது என்று பார்ப்பாள். ஒருத்தி காலையில் வழக்கத்தைவிடச் சிரித்த முகமாக எதிரே வந்தால், "என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் பதிலுக்குச் சிரிப்பாள். அவளுடைய பிறந்தநாளுக்கென்று ஆசையாகக் கேக் வாங்கி ஒளித்துக்கொண்டு வந்தவர்களை வாசலிலேயே மடக்கி, பையைத் திறந்து காட்டச் சொன்ன பெருமையும் அவளுக்கு உண்டு. மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு அணி மொத்தமும் அவளை முறைத்துக்கொண்டே வாழ்த்துப் பாடியது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை, வளர்ப்பு அப்படி. அம்மா ஒரு பெரிய துணிக்கடையின் வாசலில் நின்று பை சோதிப்பவர். வெளியே போகிற எல்லோர் பையிலும் எட்டிப் பார்ப்பது அவருக்கு வேலை. வீட்டுக்கு வந்தாலும் கண் ஓயாது. பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்ப்பார், பக்கத்து வீட்டுக்காரி திருப்பிக் கொடுத்த பாத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அப்பா லாரி ஓட்டுகிறவர். பல நாள் கழித்து வீட்டுக்கு வந்தாலும் பையை அம்மா முன்னால் வைத்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். "சிரிச்சுக்கிட்டே வர்றவங்க பையைத்தான் முதல்ல பார்க்கணும்" என்று அம்மா சொல்லிச் சொல்லியே மகள் வளர்ந்தாள்.

அதோடு அவளுக்கு ஒரு வரம் இருந்தது. நன்றாக எம்புவாள். உயரத்தில் சராசரிதான், ஆனால் தரையை விட்டுக் கால் எழும்பியதென்றால் வலைக்கு மேலே தோள் தெரியும். பள்ளியில் நெட்டைப் பிள்ளைகளை எல்லாம் விட்டுவிட்டு இவளை அணியில் சேர்த்ததும் அதனால்தான், கல்லூரியில் படிக்க இடமும் விடுதியில் கட்டிலும் கிடைத்ததும் அதனால்தான். இப்போது கடைசி வருடம். வருட முடிவில் நடக்கிற போட்டிக்கு ஓர் அரசுத் துறையின் அணியிலிருந்து ஆள் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். பிடித்துப்போனவளுக்கு அணியில் இடம், கூடவே நிரந்தர வேலை. அந்த வேலை மட்டும் கிடைத்தால் அம்மா வீங்கிய காலோடு கடை வாசலில் நிற்க வேண்டியதில்லை. போலீஸ் ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான்.

அதற்குப் பூனை வேண்டும். பூனை என்றால் அவர்கள் அணியின் செட்டர். ஓடுகிற சத்தமே கேட்காது, அதனால் அந்தப் பெயர். போலீஸுக்கு ஒரு வருடம் இளையவள், அதே அறையில் அடுத்த கட்டில்காரி, அக்கா அக்கா என்று காலைச் சுற்றி வருகிறவள். வாலிபாலில் பந்தை அடிக்கிறவளுக்குத்தான் கைதட்டல். அந்தப் பந்தை வலைக்கு மேலே சரியான இடத்தில் தூக்கிக் கொடுக்கிற செட்டரை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் செட்டர் மனது வைக்காவிட்டால் எப்பேர்ப்பட்ட கையும் காற்றைத்தான் அடித்துவிட்டு இறங்கும்.

பூனைக்கு ஒரு பழக்கம் உண்டு. அடிக்கிற ஒவ்வொருத்திக்கும் பந்து எந்த உயரத்துக்குப் போக வேண்டும் என்று உள்ளரங்கின் பின்சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைப்பாள். அந்தக் கோட்டில் பட்டுத் திரும்பும்படி பந்தைத் தூக்கித் தூக்கிப் பழகுவாள். எல்லாக் கோட்டுக்கும் மேலே நீலச் சாக்பீஸில் இருந்தது போலீஸின் கோடு. பயிற்சி முடிந்து எல்லோரும் குளிக்கப் போன பிறகும் இவர்கள் இரண்டு பேர் மட்டும் நின்று, ஒருத்தி தூக்க ஒருத்தி அடிக்க, காவலாளி வந்து விளக்கை அணைக்கும்வரை விளையாடுவார்கள். போலீஸ் சந்தேகப்படாத ஒரே ஆள் பூனைதான் என்று விடுதியில் பேச்சு.

வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் காலையில் பயிற்சிக்கு வந்தால் கோச் இல்லை. அவர் உட்காருகிற பிளாஸ்டிக் ஸ்டூலும் இல்லை. விசாரித்தால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கல்லூரிக்குப் போய்விட்டாராம். முந்தின நாள் மாலை வரை, "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று கண் கலங்கப் பேசிய மனிதர். துணைக் கோச்சும் அந்த வாரமே பின்னாடியே போனார். அதற்கப்புறம் அணியில் எல்லோரையும் விட உயரமான ஏணி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போனவள், அந்தக் கல்லூரிச் சீருடையில் நிற்கிற படமாக எல்லோர் போனிலும் வந்து சேர்ந்தாள். அவள் அம்மா அந்தப் படத்தில் பக்கத்திலேயே கொழுகொழுவென்று நின்றுகொண்டிருந்தார்.

அதோடு விடுதியில் ஒருத்தியை ஒருத்தி நம்புவது நின்றுபோனது. இரவல் வாங்கிய வாளியை யாராவது கேட்காமலே திருப்பிக் கொடுத்தால் போகப் போகிறாள் என்று அர்த்தம். எல்லாத் துணியையும் ஒரே நாளில் துவைத்துப் போட்டால் அதே அர்த்தம். வார்டனிடம் திடீரென்று மரியாதையாகப் பேசினால் கேட்கவே வேண்டாம். போன் எல்லாம் மேசையில் கவிழ்ந்து படுக்கத் தொடங்கின. அதுவரை போலீஸ் என்று கேலி செய்தவர்களே அவள் கட்டிலுக்கு வந்து, "அடுத்தது யாருன்னு நினைக்கிறே?" என்று குசுகுசுவென்று கேட்டார்கள். போலீஸ் யாரிடமும் பிடி கொடுக்கவில்லை. கேட்க வந்தவர்களையே மனதுக்குள் குறித்து வைத்துக்கொண்டாள்.

புதுக் கோச் வந்து சேர்ந்தார். ஒடிசலான அம்மாள், அதிகம் பேசாதவர். முதல் நாளே கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்று, இந்த மாதம் முழுக்கத் தான் பார்க்க மட்டும்தான் போவதாகவும், அதற்கப்புறம் யார் உள்ளே யார் வெளியே என்று சொல்வதாகவும் அறிவித்துவிட்டார். உடம்பு ஒத்துழைக்காதவளை வைத்துக்கொண்டு மாரடிக்கத் தனக்கு நேரமில்லை என்றும் சொன்னார். அவர் அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தது போலீஸுக்கே எரிச்சலாக இருந்தது. தன் வேலையை இன்னொருத்தர் செய்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அந்தச் சமயத்தில்தான் பந்து தாழ்ந்தது.

முதலில் போலீஸ் கண்டுகொள்ளவில்லை. பந்து வந்தது, அடித்தாள், எதிர்ப் பக்கத்தில் விழுந்தது. நாளாக ஆக ஏதோ உறுத்தியது. முன்பெல்லாம் மேலே நின்று காத்திருக்கிற பந்து இப்போது வலையை உரசுகிற மாதிரி சர்ரென்று வந்தது. மற்றவர்களுக்குப் பூனை தூக்குவதை ஓரமாக நின்று கவனித்தாள். அவர்களுக்கு அதே பழைய உயரம். தனக்கு மட்டும்தான் தாழ்வு. ஏன் என்று கேட்டதற்கு, "வேகமா இருந்தா எதிரே எம்பி பிளாக் போடறவங்களுக்கு நேரம் இருக்காதுக்கா" என்றாள் பூனை. பதில் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததுதான் போலீஸுக்கு இடித்தது.

அடுத்து, பயிற்சிக்குப் பிறகு இருவரும் தனியாக விளையாடுவது நின்றது. இன்றைக்குக் கை வலிக்கிறது என்பாள் பூனை, நாளைக்குப் பாடம் இருக்கிறது என்பாள். சரி என்று போலீஸ் அறைக்குப் போனாள். ஒரு நாள் துண்டை மறந்துவிட்டதாகச் சாக்குச் சொல்லித் திரும்பி வந்து எட்டிப் பார்த்தால், கை வலிக்கிறவள் பின்சுவருக்கு முன்னால் நின்று பந்தைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகு போலீஸ் சுவரருகில் போய்ப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த நீலக் கோடு ஈரத்துணியால் அழிக்கப்பட்டிருந்தது. அதற்கு நன்றாகக் கீழே புதிதாக ஒரு கோடு. பக்கத்தில் பந்து பட்டுப் பட்டுச் சுவரே அழுக்காகியிருந்தது.

இவ்வளவு தாழ்ந்த, வேகமான பந்து யாருக்கு? யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரியில் ஒரு இடதுகைக்காரி இருக்கிறாள். குள்ளமானவள், உயரப் பந்து அவளுக்கு ஆகாது, இப்படி வலையை ஒட்டி வருகிற பந்தைத்தான் வெட்டுவாள். பழைய கோச் அங்கே இருக்கிறார். ஏணி அங்கே இருக்கிறாள். பூனை இங்கேயே நின்று அந்த இடதுகைக்காரிக்காகப் பழகிக்கொண்டிருக்கிறாள். தன் கோட்டை அழித்துவிட்டு அந்தக் குள்ளச்சிக்குக் கோடு போட்டிருக்கிறாள்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். போலீஸுக்கு அந்த வருடம் வலது முழங்கால் வலித்துக்கொண்டுதான் இருந்தது. தைலம் தேய்ப்பாள், முழங்கால் உறையை இன்னும் இறுக்கிப் போடுவாள். தைலம் கேட்கவில்லை என்றதும் மருந்துக் கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று அவரைச் சந்தேகப்பட்டாள். விடுதிக் கட்டிலைச் சந்தேகப்பட்டாள், உள்ளரங்கின் தரையைச் சந்தேகப்பட்டாள். முழங்காலை மட்டும் சந்தேகப்படவில்லை.

அன்று மாலை அறைக்கதவைச் சாத்திவிட்டு நேராகவே கேட்டாள்.

"நீ போகப் போறியா?"

"இல்லக்கா."

"சத்தியமா?"

"சத்தியமாக்கா. நான் எங்க போகப் போறேன்?"

கொஞ்சம் தயங்கியிருந்தால் நம்பியிருப்பாள். கேட்டவுடனே சத்தியம் செய்கிறவள் முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருக்கிறாள் என்று போலீஸ் முடிவு கட்டினாள். அப்படியே கட்டிலில் படுத்துக் கணக்குப் போட்டாள். இவள் போய்விட்டால் தனக்குப் பந்து தூக்க ஆளில்லை. புதிதாக ஒருத்தி வந்து தன் கையின் அளவைப் பழகுவதற்குள் வருடம் முடிந்துவிடும். துறை அணிக்காரர்கள் வந்து பார்க்கும்போது தான் காற்றை அடித்துக்கொண்டிருப்போம். அம்மா இன்னும் கடை வாசலிலேயே நிற்பார். பூனை தன்னை நட்டாற்றில் விடுவதற்கு முன்னால் தான் முந்திக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. அவள் தோழிக்குத் துரோகம் செய்வதாக நினைக்கவில்லை, தற்காத்துக்கொள்வதாகத்தான் நினைத்தாள். இந்த வித்தியாசத்தை மனிதர்கள் தங்கள் விஷயத்தில் மட்டும் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

பழைய கோச்சுக்குப் போன் செய்தாள். மனிதர் வாயெல்லாம் பல்லாகப் பேசினார். அவள் எம்புகிற எம்புக்கு அங்கே எப்போதும் இடம் உண்டு, இப்போதே வரலாம் என்றார். பூனையும் வருகிறாளா என்று போலீஸ் போட்டு வாங்கப் பார்த்தாள். "அவளைப் பத்தி இப்போ என்ன?" என்று அவர் பேச்சை மாற்றியதும், ஆமாம் என்று சொன்ன மாதிரியே இவளுக்குக் கேட்டது. ஒரு தடவை மாறிவிட்டால் அந்த வருடம் பழைய கல்லூரிக்குத் திரும்பி ஆட முடியாது என்பது விதி. தெரிந்துதான் முதல்வர் அறைக்குப் போய் விடுவிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். புதுக் கோச் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

பூனைக்கு வகுப்பு இருக்கிற நேரமாகப் பார்த்துப் பெட்டியைக் கட்டினாள். ஆனால் விடுதியில் காற்றுக்கும் காது உண்டே. பாதித் துணி வெளியே இருக்கும்போது பூனை மூச்சிரைக்க வந்து நின்றாள். எங்கே போகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை, பெட்டியே சொல்லிவிட்டது.

"ஏங்க்கா?"

"நீ போறதுக்கு முன்னாடி நான் போறேன். அவ்வளவுதான்."

"நான் போகலன்னு சொன்னேனேக்கா."

"சுவத்துல யாருக்கோ கோடு போட்டிருக்கியே, அது யாருக்கு? எனக்கா?"

பூனை வாயைத் திறந்தாள். வராந்தாவில் இன்னும் சிலர் வந்து நின்றிருந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் புதுக் கோச்சும் படியேறி வந்துகொண்டிருந்தார். பூனை வாயை மூடிக்கொண்டாள். பார்த்தாயா, பதில் இல்லை என்று போலீஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெட்டியைப் பூட்டினாள். வாசல்வரை வந்து ஆட்டோவில் பையை ஏற்றிவிட்ட பூனை, குனிந்து மெதுவாக ஒன்று சொன்னாள்.

"அங்க போனதும் பந்தைக் கொஞ்சம் தாழ்வாவே தரச் சொல்லிக் கேளுங்கக்கா."

ஆட்டோ போகப் போக அந்த வார்த்தையைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள் போலீஸ். தாழ்ந்த பந்தைக் கேட்டு, எம்பத் தெரியாதவள் என்று அங்கே பெயர் வாங்கட்டும் என்கிற திட்டம். போகிறபோதுகூடக் குழி வெட்டுகிறாள். பாலத்தைத் தாண்டும்போது அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

புதுக் கல்லூரியில் உள்ளரங்கு பெரியது, விளக்கு பிரகாசம். பழைய கோச் அவளைத் தோளில் தட்டி எல்லோருக்கும் அறிமுகம் செய்தார். இந்தப் பெண் எம்பினால் கூரையைத் தொடுவாள் என்று சொல்லிவைத்தார். ஏணி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். அங்கத்துச் செட்டர் நல்ல உயரத்துக்குப் பந்தைத் தூக்கினாள். போலீஸ் ஓடிவந்து எம்பிக் கையை வீசினாள். பந்து விரல் நுனியை உரசிக்கொண்டு பின்னால் விழுந்தது.

யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. புது இடம், பழக வேண்டும். மறுபடி தூக்கினார்கள், பந்து வலையில் முட்டியது. இந்தச் செட்டர் வேண்டுமென்றே செய்கிறாளோ என்று அவளை ஓரக்கண்ணால் பார்த்தாள் போலீஸ். அந்தப் பெண் மறுபடியும் அதே இடத்தில், அதே அழகோடு தூக்கினாள். இந்தத் தடவை கையே எட்டவில்லை. ஓரத்தில் நின்ற இடதுகைக்காரி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, பாவம் என்பது போல வேறு பக்கம் பார்த்தாள்.

கோச் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அவளைச் சுவரோரமாகக் கூட்டிப்போய், விரலில் சாக்பீஸ் தூளைத் தடவி, எம்பிச் சுவரைத் தொடச் சொன்னார். தொட்டாள். வெள்ளைத் தடம் விழுந்த இடத்தை இரண்டு பேருமே நிமிர்ந்து பார்த்தார்கள். அதிகம் நிமிர வேண்டியிருக்கவில்லை.

"எப்போ இருந்து இப்படி?"

இன்றைக்குக் களைப்பாக இருக்கிறது என்றாள். முழங்காலைக் காட்டச் சொன்னார். உறையைக் கழற்றியதும் அவர் முகம் மாறிவிட்டது.

"இதை வச்சுக்கிட்டு இவ்வளவு நாளா எப்படிம்மா அடிச்சே? உன் செட்டருக்குக்கூடவா தெரியல?"

போலீஸ் சுவரிலிருந்த வெள்ளைத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த உயரம் அவள் ஏற்கெனவே பார்த்த உயரம். நீலக் கோட்டை அழித்துவிட்டுப் பூனை போட்டிருந்த கோடு ஏறக்குறைய இந்த இடத்தில்தான் இருந்தது. தன் கை எட்டுகிற இடத்துக்குப் பந்தைக் கொண்டுவந்து வைத்து, தான் எம்புவது குறைந்துபோனது புதுக் கோச்சின் கண்ணில் படாமல், தன் கண்ணிலேயே படாமல், ஒருத்தி இத்தனை நாள் மறைத்து வைத்திருக்கிறாள். முழங்காலுக்கு ஓய்வு வேண்டும் என்றுதான் மாலை விளையாட்டையும் நிறுத்தியிருக்கிறாள். எல்லாம் வரிசையாகப் புரிந்தது.

மருத்துவர் பார்த்துவிட்டு அந்த வருடம் முழுக்க எம்பக் கூடாது என்றார். பெயர் அணியில் இருந்தது, ஆள் பெஞ்சில் இருந்தாள். பூனைக்குப் போன் செய்ய எடுப்பாள், என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிடுவாள். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னபோது, அந்தப் பிள்ளை ஒரு தடவை வீட்டுக்கு வந்திருந்தபோது அதன் பையையும் தான் பார்த்ததாகச் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

வருட முடிவுப் போட்டி வந்தது. துறை அணிக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஆட்டமே அவளுடைய இரண்டு கல்லூரிகளுக்கும்தான். எதிர்ப் பக்கத்தில் பூனை அதே பழைய சீருடையில் நின்றிருந்தாள். எங்கும் போகவில்லை. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் வலைக்குக் கீழே குனிந்து, சத்தமில்லாமல் பெஞ்சுக்கு வந்துவிட்டாள்.

"முட்டி இப்போ எப்படி இருக்குக்கா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடீ" என்றாள் போலீஸ்.

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

பூனை குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். போலீஸ் யோசித்துப் பார்த்தாள். நம்பியிருக்க மாட்டாள். தன்னை உட்காரவைத்துவிட்டு வேறு யாரையோ கொண்டுவரப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்திருப்பாள். அதைச் சொல்ல வாய் வருவதற்குள் நடுவர் கூப்பிட்டுவிட்டார், பூனை ஓடிவிட்டாள்.

ஆட்டம் கடுமையாக இருந்தது. பூனை எந்தப் பக்கம் பந்தைத் தூக்கப் போகிறாள் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. போலீஸின் பக்கத்து அணி தடுமாறியது. இடைவேளையில் பழைய கோச் பெஞ்சுக்கு வந்து அவளருகில் உட்கார்ந்தார்.

"நீ அவகூட ஒரே ரூம்ல இருந்தவ. பின்னால தூக்கறதுக்கு முன்னாடி அவ ஏதாவது காட்டிக் கொடுப்பாளா? ஒரு சின்ன அடையாளம் போதும்மா."

போலீஸுக்குத் தெரியும். பந்தைத் தலைக்குப் பின்னால் அனுப்பப் போகிறாள் என்றால் பூனை கீழ் உதட்டைக் கடிப்பாள். உலகத்தில் அவளைத் தவிர வேறு யாரும் அதைக் கவனித்ததில்லை.

"அப்படி ஒண்ணும் இல்ல சார்."

கோச் உடனே எழுந்திருக்கவில்லை. அவள் முகத்தையும் வலைக்கு அந்தப் பக்கம் நின்ற பூனையையும் மாறி மாறிப் பார்த்தார். ஆட்டத்துக்கு முன்னால் இருவரும் பேசிக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும். பிறகு மற்ற பெண்களைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய், போலீஸுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினார். ஏணி ஒரு தடவை திரும்பி அவளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆட்டம் மறுபடி தொடங்கியது. போலீஸ் துண்டை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்து, பூனை ஆடுவதைப் பார்த்தாள்.